மஞ்சத்துணி கட்டின ஆடும் ஜெயராஜ் மாமாவும்

கயல், பிரபு, உங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பிரபு, நீ இன்னும் படிப்பை முடிக்கவில்லை. முடித்ததும் அக்கா பார்க்கிற வேலைக்குத்தான் வந்து நிற்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நீயும் படி.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, கயல், உன்னோடு வேலைக்குச் சேர்ந்த பெண்ணை வெளிநாட்டுக் கூட்டத்துக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்னாய். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, அவ நல்லாத்தான் வேலை பாக்குறா" என்றாய். அம்மா போனை வாங்கி "சாப்டியாத்தா" என்று கேட்டதற்குப் பசிக்கவில்லை என்றாய். அந்தப் பசிக்காத வயிறு எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வயிற்றோடுதான் நான் பல வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு மண்ணைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பார்கள். தண்ணீர், மரம், ஊர்க்கூட்டம் எப்படிப் போடுவது, எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். பொறாமைக்கு என்று ஒரு வகுப்பு யாரும் எடுக்க மாட்டார்கள். நம் வேலையில் பாதி அதுதான். பத்தாவதோடு நின்றவன் நான், எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

ஜெயராஜ் மாமா என்று ஓடிப்போய் ஒட்டிக்கொள்வீர்களே, லீவு விட்டால் அவன் பைக்கில் முன்னால் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் ஏறிக்கொண்டு ஆத்தூர் அணைக்குப் போய் வருவீர்களே, அந்த ஜெயராஜைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகம் வெளிநாட்டில். திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கிளை. கீழே இரும்பை ராவுகிற சத்தம், மேலே இயற்கையைக் காப்பாற்றுகிற கூட்டம். ஊருக்குப் பொதுவாக இருக்கிற குளம், மேய்ச்சல் நிலம், மரம் மட்டை எதுவும் அழியாமல் ஊர்க்காரர்களே பேணி, ஊர்க்காரர்களே அனுபவிக்கணும் என்பது அவர்கள் கொள்கை. அதற்கு ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற ஆள் வேண்டுமே. நானும் ஜெயராஜும் ஒன்றாகச் சேர்ந்தோம்.

வடமதுரையிலிருந்து அய்யலூர் போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு கரடு. மலை என்று சொல்ல முடியாது, சின்னக் குன்று. அதன் மேற்குச் சரிவு ஆவாரங்களத்துக்குச் சொந்தம், கிழக்குச் சரிவு கருங்கல்பட்டிக்கு. ஆவாரங்களம் ஜெயராஜ் பொறுப்பு, கருங்கல்பட்டி என் பொறுப்பு. ரெண்டு ஊரிலும் ஒரே விதி. ஆடி பிறந்ததிலிருந்து தைப்பொங்கல் வரை கரட்டில் ஆடு மாடு ஏறக்கூடாது. கம்பி வேலி கிடையாது, காவல்காரன் கிடையாது, வாய்ப்பேச்சுதான் வேலி. பொங்கலுக்கு அப்புறம் வீட்டுக்கு ஒருத்தர் ஏறிப் புல் அறுத்துச் சுமந்து வரலாம். அந்தப் புல்தான் கோடையில் ஆடுகளுக்குச் சோறு. புல் இல்லாதவர்கள் கோடை வருமுன்னே எலும்பும் தோலுமாக ஆட்டை அய்யலூர் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

என் சரிவில் கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு நின்றது. பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் பார்த்தது ஜெயராஜ் சரிவைத்தான். அங்கே ஊர் வாசல் வரை தார் ரோடு. ஜெயராஜ் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், இங்கிலீஷில் ஜோக் அடிப்பான். அந்த ஊர் ஜனமும் சிரித்த முகம். கார் வந்து நின்றால் சந்தனம், பூ, இளநீர். கருங்கல்பட்டிக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு ஓடை, அதைத் தாண்டி மண் பாதை. கார் அந்தத் திருப்பத்தில் வேகத்தைக்கூடக் குறைக்காமல் போகும். தூசிதான் எங்களுக்கு.

எங்கள் ஊரில் முத்தம்மா என்று ஒரு அம்மா, மகளிர் குழுத் தலைவி. அவர் கூடப்பிறந்த தங்கச்சி ராசாத்தி வாக்கப்பட்டது ஆவாரங்களத்தில். வெள்ளைக்காரர்கள் வந்துபோன ஒவ்வொரு தடவையும் ராசாத்தி அவர்களோடு நின்ற போட்டோவை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்துவிடுவார். முத்தம்மா அதை எனக்குக் காட்டாமல் விடமாட்டார்.

"பாருங்க சேகர் தம்பி. இவ கட்டியிருக்கிற சீலை நான் தீவாளிக்கு எடுத்துக் கொடுத்தது. என் சீலை போயிருச்சு போட்டாவுக்கு, நான் போகல."

"அடுத்த தடவை கண்டிப்பா வருவாகக்கா."

"அவுக காருக்கு நம்ம ஊருக்கு வர மட்டும் பெட்ரோலு பத்தாதாக்கும்."

எனக்கும் அதே எரிச்சல்தான், அந்தம்மாவைப் போல வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அம்புட்டுதான். ஜெயராஜ் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாகப் போய்ப் பந்தியில் வெஞ்சனம் பரிமாறுவேன். அவனை யாராவது மேடையில் பாராட்டினால் கை தட்டுவேன், கை வலிக்கும்வரை தட்டுவேன். ராத்திரி படுத்தால் அந்தப் பாராட்டு வார்த்தை ஒவ்வொன்றும் திரும்பக் கேட்கும்.

எங்கள் கிளைப் பொறுப்பாளர் மேடம் என்னைவிட வயதில் சின்னவர். அவர் ஒரு தடவை சொன்னார்: "ஊர்க்கூட்டத்துல சிரிக்கிறவங்க பக்கத்துல போய் உக்காராதீங்க சேகர். முணுமுணுக்கிறவங்க பக்கத்துல உக்காருங்க." நான் அதை ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதன் அர்த்தம் அந்தக் கரட்டில்தான் எனக்குப் புரிந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஐப்பசியில் ஒரு மழை தூறிவிட்டு நின்றது. ஆடு வைத்திருந்த வீடெல்லாம் தவித்தது. இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்குக் கழுத்தில் மஞ்சத்துணி கட்டி விட்டுவிடுவார்கள். மாசித் திருவிழாவில் வெட்டும் வரை அதை யாரும் கட்டிப்போட மாட்டார்கள், எங்கே வாய் வைத்தாலும் விரட்ட மாட்டார்கள். சாமி திங்குது என்று விட்டுவிடுவார்கள். கரட்டு விதியைப் பேசி முடித்தபோதே ரெண்டு ஊர்ப் பெரியவர்களும் "சாமி ஆட்டுக்கு மட்டும் தடை கிடையாது" என்றார்கள். நானும் ஜெயராஜும் தலையாட்டினோம். ஊருக்கு ரெண்டோ மூணோ கிடாய், அது தின்று கரடு தேயவா போகிறது.

மழை பொய்த்த வருஷத்தில் பக்தி பெருகிவிட்டது. கார்த்திகை பிறக்கும்போது ஆவாரங்களத்தில் கிடாய் மட்டும் இல்லை, பெட்டை, குட்டி எல்லாத்துக்கும் கழுத்தில் மஞ்சத்துணி. ஒருத்தர் கட்டியதைப் பார்த்து அடுத்தவர். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் மாமன் மச்சான், எல்லாருக்கும் சிரித்த முகம், எதற்குக் கேட்டு மனசைப் புண்படுத்தணும். சந்தை வந்தால் துணியை அவிழ்த்துவிட்டு அய்யலூருக்கு ஓட்டினார்கள். மேற்குச் சரிவு மார்கழிக்குள் மொட்டையாகிவிட்டது. புல்லின் வேரைக்கூட ஆடு கிளறித் தின்றிருந்தது.

கருங்கல்பட்டியிலும் அதே விதிதானே, அதே வறட்சிதானே. அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். முதலில் ஒரு வீட்டில் வழக்கத்துக்கு மேல் ஒரு ஆட்டுக்குத் துணி கட்டினார்கள். மறுநாளே முத்தம்மா கூட்டத்தைக் கூட்டிவிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"ஏன்த்தா, உங்க வீட்ல திடீர்னு என்ன நேத்திக்கடன்?" என்று அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டார்.

"பிள்ளைக்குக் காய்ச்சலு. அதான் வேண்டிக்கிட்டேன்."

"நல்லது. அப்ப மாசியில வெட்டணும். துணி கட்டின ஆடு எதுவும் அய்யலூரு வண்டியில ஏறக்கூடாது. சாமிக்குன்னா சாமிக்குத்தான். எல்லாருக்கும் சம்மதமா?"

யாராவது சம்மதமில்லை என்று சொல்ல முடியுமா. பூசாரி முதல் ஆளாகத் தலையாட்டினார். அன்றைக்கு மாலையே அந்த ஆட்டின் கழுத்தில் துணியைக் காணோம்.

"சாமி வேணாம்னு சொல்லிட்டாரு போலருக்கு" என்றார் முத்தம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் கரட்டைக் காப்பாற்றணும் என்று அதைச் செய்யவில்லை. அடுத்தவள் ஆட்டுக்குத் தன் புல் போகிறதே என்ற எரிச்சலில் செய்தார். அந்த ஊரில் அத்தனை பேருக்கும் அத்தனை பேர் மேலும் ஒரு கண். புல் அறுக்கும்போது அடுத்தவள் கட்டு தன் கட்டைவிடப் பெரிசா என்று பார்த்துக்கொண்டேதான் அறுப்பார்கள். எனக்கு அது வெட்கமாக இருந்ததுண்டு. ஜெயராஜ் ஊரைப் போல நம் ஊரும் சிரித்துப் பேசினால் என்ன என்று ஏங்கியிருக்கிறேன். கிழக்குச் சரிவில் புல் முழங்காலளவுக்குக் காய்ந்து மஞ்சளாக நின்றது, பொங்கலுக்குக் காத்துக்கொண்டு. புல்லைக் காப்பாற்றியது அந்தக் கண்கள்தான்.

அந்த நேரத்தில் செய்தி வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இந்தத் தடவை சும்மா பார்க்க இல்லை. கரட்டு வேலையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவு பண்ண வருகிறார்கள். நிறுத்தினால் ரெண்டு ஊருக்கும் சேர்த்துத்தான் நிற்கும். தொடர்ந்தால் எங்கள் ரெண்டு பேரில் ஒருத்தரை மொத்தப் பகுதிக்கும் ஒருங்கிணைப்பாளராகப் போடுவார்கள் என்று மேடம் சாடையாகச் சொல்லியிருந்தார். அந்தப் பதவி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். நான் சொல்லாமலே தெரியும்.

ஜெயராஜ் வடமதுரை டீக்கடைக்கு என்னைக் கூப்பிட்டான். டீயைக் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"மாப்ள, ஒரு உதவி வேணும். காரு உன் பக்கம் வரட்டும்."

"வரட்டும், அதுக்கென்ன" என்றேன்.

"எங்க ஊரு பொம்பளைக உன் சரிவுல நிக்கட்டும். வர்றவுகளுக்கு எது எந்த ஊரு சரிவுன்னு தெரியவா போகுது. நான் பேசிக்கிறேன். செத்த நேரம்தான். வேலையும் நிக்காது, ரெண்டு ஊரும் பொழைச்சுக்கும்."

"என் புல்லைக் காட்டி உன் ஊருன்னு சொல்லப்போற."

"உன் புல்லு என் புல்லுன்னு எப்பலேர்ந்துடா பேசுற?"

நான் எழுந்து வந்துவிட்டேன். நேராகத் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடித்தேன். மேடத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று அலுவலகப் படியில் ஏறினேன். கீழே பூட்டு ராவுகிற சத்தம். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

கயல், இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படி. நான் சொல்லப்போனது உண்மை. ஆடு மேய்ந்தது உண்மை, ஜெயராஜ் மறைக்கப் பார்ப்பது உண்மை. நிறுவனத்துக்கு அது தெரிந்தே ஆகவேண்டும், பொய்யான புல்லைப் பார்த்து முடிவெடுத்தால் அடுத்த வருஷம் ரெண்டு சரிவும் போகும். எல்லாம் சரி. ஆனால் படி ஏறும்போது நான் அந்த வாக்கியங்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். எந்த வார்த்தையை எங்கே வைத்தால் மேடத்தின் முகம் எப்படி மாறும் என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். கறிச்சோற்றுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் மாதிரி நாக்கு ஊறியது.

உண்மையும் பொறாமையும் ஒரே திசையில் கை காட்டுகிற நாள் ஒன்று எல்லாருக்கும் வரும். பொறாமை இருக்கிறதே என்பதற்காக உண்மையை முழுங்கிவிடக்கூடாது. அதே சமயம் அந்த ருசியோடு சொன்னால் கேட்பவருக்கு உண்மை தெரியாது, உன் நாக்குதான் தெரியும். என் புத்திக்கு எட்டியது ஒரே வழிதான். சொல்லவேண்டியவனே சொல்லட்டும். திரும்பி இறங்கிவிட்டேன்.

ஜெயராஜைப் போய்ப் பார்த்தேன். "நீயே மேடத்துக்கிட்டச் சொல்லிரு. அவுக வர்றதுக்கு முன்னாடி சொல்லிரு. இல்லைன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா சந்தோசமாச் சொல்லுவேன், அது உனக்கும் நல்லதில்ல எனக்கும் நல்லதில்ல."

அவன் என்னையே பார்த்தான். "உனக்கு வயித்தெரிச்சல்டா."

"ஆமா. அதுக்காக ஆடு மேயலைன்னு ஆயிருமா?"

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அத்தோடு விடவும் இல்லை. ரெண்டு நாளில் ராசாத்தியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கருங்கல்பட்டிக்கு நேராக முத்தம்மா வீட்டுக்கே வந்துவிட்டான். நான் அப்போது அங்கே குழுக்கூட்டத்துக்காக உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேசியது ராசாத்தி.

"அக்கா, ஒரே ஒரு நாளுதான. நாங்க வந்து உங்க கரட்டுல நின்னுட்டுப் போயிருவோம்."

"நின்னு?"

"அவுக பாப்பாக, போட்டா எடுப்பாக. வேலை நிக்காது."

முத்தம்மா வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். அவசரமே இல்லை. "என் புல்லுக்குள்ள நின்னு நீ போட்டா எடுப்ப. அதை ஸ்டேட்டஸுல வைப்ப. அன்னைக்கு நான் எங்க நிக்க? உன் மொட்டைக் கரட்டுலயா?"

"அக்கா, கூடப்பிறந்தவதான நானு."

"அதான் சொல்றேன். வேத்தாளா இருந்தா நிக்க விட்டிருப்பேன்."

ஜெயராஜ் குறுக்கே வந்தான். "அக்கா, ஊரு நல்லதுக்குத்தான் கேக்குறோம். உங்களுக்கும் சேத்துத்தான்."

"நல்லதுதான் சாமி. நீங்க எங்க ஊருக்கு இன்னைக்குத்தான் மொதத் தடவையா வாரீக. மோர் குடிச்சுட்டுப் போங்க." பிறகு தங்கச்சியைப் பார்த்தார். "ஏன்டி, உன் வீட்டுல எம்புட்டு ஆட்டுக்குடி துணி கட்டுனீக?"

ராசாத்தி மோர் டம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.

நான் நியாயத்தை யோசித்து யோசித்துப் படியில் ஏறி இறங்கினேன். முத்தம்மா யோசிக்கவே இல்லை. தன் புல்லில் தங்கச்சி நிற்கக்கூடாது என்ற ஒரே எரிச்சலில், அந்தப் பொய் நடக்கவே முடியாமல் செய்துவிட்டார். பொறாமை என்றால் மோசம் என்று மட்டும் நினைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஊரில் யாருக்குப் பொறாமை, எதற்குப் பொறாமை என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுச்சொத்தின் காவல் அங்கேதான் இருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். மேடம் முந்தின நாளே எனக்குப் போன் பண்ணி, "ஜெயராஜ் எல்லாத்தையும் சொல்லிட்டார். காலையில அவங்க பக்கம், மத்தியானம் உங்க பக்கம். ஏற்பாடு பண்ணிருங்க" என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. கருங்கல்பட்டியில் விடியுமுன்னே வேலை நடந்தது. ஓடையில் கல்லைப் போட்டுக் கார் ஏறுகிற மாதிரி பண்ணினார்கள். கரட்டுப் பாதையில் ரெண்டு பக்கமும் கல் அடுக்கிச் சுண்ணாம்பு அடித்தார்கள். தார் ரோட்டுத் திருப்பத்தில் தரையிலேயே சுண்ணாம்பால் அம்பு போட்டார்கள், கார்காரனுக்குத் தப்பாமல் தெரியட்டும் என்று. முத்தம்மா புதுச் சேலை.

காலையில் நானும் மேற்குச் சரிவுக்குப் போயிருந்தேன். ஜெயராஜ் அந்த மொட்டைச் சரிவில் நின்று இங்கிலீஷில் பேசினான். எனக்குப் பாதிதான் புரிந்தது. மஞ்சத்துணிக் கதையை அவன் சொன்னபோது ஒரு உயரமான அம்மா வாய்விட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார். ஜெயராஜ் எதையும் மறைக்கவில்லை. விதி போட்டபோது இதை யோசிக்கவில்லை என்றான். பக்கத்து ஊர் முத்தம்மா என்ற பெண்மணிதான் இதற்கு மருந்து கண்டுபிடித்தார் என்றான். அந்தப் பேர் மட்டும் எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. என் பேர் விழவில்லை. விழுமா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அவர்களுக்கு அந்த மொட்டைச் சரிவு ரொம்பப் பிடித்துப்போனது. கேள்விமேல் கேள்வி. ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்தார்கள். பூசாரியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில் ஆவாரங்களத்து ஜனம் எல்லாரும் சேர்ந்து, துணி கட்டின ஆடு இனிமேல் எதுவும் சந்தைக்குப் போகாது, மாசியில் சாமிக்கே போகும் என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னார்கள். சாப்பாட்டு நேரம் கடந்தது. வெயில் சாய்ந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவர்கள் மதுரையில் விமானம் பிடிக்கவேண்டும்.

நான் என் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு முன்னாலேயே திருப்பத்துக்கு வந்து நின்றேன். முத்தம்மாவும் பெண்களும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் பூத்தட்டோடு நின்றார்கள். கார் வந்தது. அம்பின் மேலேயே ஏறிப் போனது. உள்ளேயிருந்து ஒருத்தர் கையசைத்தார்.

"போயிட்டாகளா?" என்றார் முத்தம்மா.

"விமானத்துக்கு நேரமாயிருச்சுக்கா. ஆனா வேலையைத் தொடரச் சொல்லிட்டாக. அடுத்த மழைக்கு அப்புறம் திரும்ப வந்து பாப்பாகளாம். புல்லு நமக்குப் பத்திரம்."

"அது சரி தம்பி." சேலையில் விழுந்த தூசியைத் தட்டிவிட்டார். இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு என் முன்னால் நீட்டினார். ராசாத்தியின் ஸ்டேட்டஸ். உயரமான அம்மாவின் தோளோடு தோளாக, பின்னால் ஒரு புல்கூட இல்லாத சரிவு.

"வெறுங்கரட்டுல நின்னும் எப்படிச் சிரிக்கிறா பாருங்க" என்றார் முத்தம்மா. பூத்தட்டிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்துத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு, மற்றவர்களையும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடந்தார்.

பெண்கள் போனபிறகு மேடம் போன் பண்ணினார். காரில் இருந்தே பேசினார் போல, குரல் அடங்கியிருந்தது. "சேகர், உங்க சரிவைப் பாக்காமப் போனது எனக்கே கஷ்டமா இருக்கு. இன்னொண்ணு. ஜெயராஜ் ஒளிக்காமப் பேசினது அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒருங்கிணைப்பாளர் அவர்தான்."

"நல்லது மேடம்" என்றேன்.

உண்மையைச் சொல்லச் சொன்னது நான். சொன்னவன் அவன். சொன்னவனுக்குத்தான் பேர் போகும், அதுதான் நியாயமும்கூட, ஏனென்றால் தன் குறையைத் தானே அத்தனை பேர் முன்னால் சொல்வது சின்ன விஷயம் இல்லை. இது எனக்கு அறிவுக்குத் தெரியும். ஓய்வு பெறும் வரை அவனிடம்தான் லீவு கேட்டேன். நல்ல அதிகாரியாகத்தான் இருந்தான். நீங்கள் மாமா மாமா என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று ஒன்று தைக்கும். போகவில்லை அது. போகாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே கயல், உன் தோழி மேல் பொறாமை வந்ததற்காக வெட்கப்படாதே, இல்லை என்று சொல்லி உன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் செய்யாதே. அவளைப் பற்றி எதையாவது சொல்லவேண்டி வந்தால் நாக்கு ஊறுகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. பிரபு, நீ ஒருநாள் யாரையாவது ஊர் பார்க்கக் கூட்டிப்போனால், தார் ரோடு போகாத ஊருக்கு முதலில் கூட்டிப்போ.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இதை உங்கள் அம்மாவிடமும் சொன்னதில்லை.

போனை வைத்ததும் வீட்டுக்குப் போக மனசில்லை. ஓடையைத் தாண்டி, சுண்ணாம்புக் கல்லுக்கு நடுவில், வெளிநாட்டுக்காரர்கள் நடக்கவேண்டிய பாதையில் நான் நடந்தேன். புல் ரெண்டு பக்கமும் சரசரத்தது. உச்சிக்குப் பக்கத்தில் ஒரு ஆடு. மேற்குப் பக்கமிருந்து ஏறி வந்திருக்கிறது. கழுத்தில் மஞ்சத்துணி, விலா எலும்பு தெரிந்தது. என் புல்லில் தலையை விட்டு மேய்ந்துகொண்டிருந்தது. ஜெயராஜ் ஊர் ஆடு. பார்க்க ஆள் யாரும் இல்லை. கல்லை எடுத்தேன். சாமி ஆடு என்பது நினைவுக்கு வந்தது, கீழே போட்டேன்.

பொங்கலுக்கு முன்னால் கிழக்குச் சரிவில் புல் அறுக்கக்கூடாது. குனிந்து ஒரு கைப்பிடி பிடுங்கினேன். ஆட்டின் மூக்குக்கு முன்னால் காட்டினேன். அது முகர்ந்துவிட்டு என் பின்னால் வந்தது. உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் ரெண்டு எட்டு இறங்கினேன். காலடியில் வெறும் மண்ணும் சரளையும். கீழே ஆவாரங்களத்தில் கூட்டத்துக்குக் கட்டின மைக்கை யாரோ அவிழ்க்கிற சத்தம் கேட்டது. புல்லை அந்த மண்ணில் வைத்தேன். அது தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு என் பக்கமாக இறங்கினேன்.